ஹைபிரிட் காரும் கம்பெனி சர்வீஸும்

ஹோண்டா சிட்டி ஹைபிரிட், டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் எல்லாம் 2022 என்ற ஒரே ஆண்டில் அடுத்தடுத்து இந்தியாவில் அறிமுகமாயின. ஆரம்பத்தில் வாங்கியவர்களுக்கு இலவச சர்வீஸ்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. இப்போது ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் பில் வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: இனியும் கம்பெனியிலேயே விட வேண்டுமா, தெரிந்த மெக்கானிக்கிடம் வெளியில் பார்த்துக்கொள்ளலாமா? சாதாரணப் பெட்ரோல் கார் என்றால் பலரும் இதைப் பெரிதாக யோசிப்பதில்லை. வாரண்டி முடிந்ததும் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். ஹைபிரிட் என்றதும் தயக்கம் வந்துவிடுகிறது. உள்ளே ஒரு எஞ்சின், இரண்டு மோட்டார், ஒரு பெரிய பேட்டரி. இத்தனையையும் பார்க்கக் கம்பெனியால்தான் முடியும், செலவும் இரட்டிப்பாகத்தான் ஆகும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கம்பெனி சர்வீஸ் கொடுத்த காசுக்குத் தகுமா என்று மொத்தமாகக் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. பில்லின் ஒவ்வொரு வரியும் காரின் எந்தப் பாகத்துக்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், ஹைபிரிட் பகுதிக்குப் பராமரிப்பு என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை, அதற்குப் பரிசோதனைதான் தேவை என்பது தெரியவரும். என் வாதம் முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் பிரியஸில் இருந்த அமைப்பின் வாரிசுதான் இன்றைய ஹைரைடரிலும் கிராண்ட் விட்டாராவிலும் ஹைகிராஸிலும் இருப்பது. அதன் மையத்தில் ஒரு பற்சக்கரத் தொகுதி இருக்கிறது. நடுவில் சூரியன்போல ஒரு சக்கரம், அதைச் சுற்றிக் கோள்கள்போலச் சிறு சக்கரங்கள், அவற்றை வளைத்து வெளியே ஒரு வளையச் சக்கரம். சூரியச் சக்கரத்தோடு முதல் மோட்டார் இணைந்திருக்கும். கோள் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு எஞ்சின். வளையத்தின் பக்கம் இரண்டாவது மோட்டாரும், அதன் வழியாக ரோட்டில் உருளும் சக்கரங்களும். முதல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே கியர் மாற்றுவதன் பலனைக் கணினி வரவழைத்துவிடுகிறது. பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கின்றன. எதுவும் விலகிச் சேர்வதில்லை. ஆகவே கிளட்ச் பிளேட் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் இல்லை. எஞ்சினைச் சுழற்றி எழுப்புவது அதே முதல் மோட்டார் என்பதால் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. 12 வோல்ட் பேட்டரியைப் பெரிய பேட்டரியிலிருந்தே சார்ஜ் செய்துகொள்வதால் ஆல்டர்னேட்டரும் இல்லை. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் வாட்டர் பம்பும் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. ஏசி கம்ப்ரெஸர் அதற்கு முன்பே மின்சாரத்துக்கு மாறியிருந்ததால், அந்த எஞ்சினில் பெல்ட் என்று ஒன்றே கிடையாது. ஒரு பெட்ரோல் கார் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும்போது கேட்கும் பெரிய செலவுகளின் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள், அதில் பாதிக்கு இந்தக் காரில் பாகமே இல்லை. ஹோண்டாவின் அமைப்பு வேறு மாதிரியானது. இருந்தாலும் அதிலும் கியர் பெட்டி என்று வழக்கமாகச் சொல்லப்படுவது இல்லை. (‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்ற பெயரில் விற்கப்படும் கார்களை இதில் சேர்க்கக் கூடாது. அவற்றில் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறு மோட்டார் ஒன்று பெல்ட்டில் ஓடுகிறது, அவ்வளவுதான். பராமரிப்புக் கணக்கில் அவை பெட்ரோல் கார்களே.)

எஞ்சின் பக்கம் நிலைமை வேறு. அது பெட்ரோல் எஞ்சின்தான். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட் எல்லாம் அதற்கும் வேண்டும். நகருக்குள் பாதி நேரம் எஞ்சின் அணைந்தே கிடக்கிறது, அதனால் ஆயில் மாற்றும் இடைவெளியை இரண்டு மடங்காக்கலாமே என்று சிலர் வாதிடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஆயிலைக் கெடுப்பது ஓடிய தூரம் மட்டும் இல்லை. சூடேறாத எஞ்சினில் எரியாத பெட்ரோலும் நீராவியும் சிலிண்டர் ஓரமாகக் கசிந்து ஆயிலில் கலக்கின்றன. எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். ஹைபிரிட் எஞ்சினோ கொஞ்சம் ஓடி அணைகிறது, ஆறுகிறது, மறுபடி எழுகிறது. பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓடும் காரில் ஆயில் சூடேறவே வாய்ப்பில்லை. அதோடு இந்த எஞ்சின்களுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போன்ற நீர்த்த ஆயில்தான் பொருந்தும். எஞ்சின் சட்டென்று எழும்போது அது உடனே எல்லா இடத்துக்கும் பாய வேண்டும். ஆகவே சர்வீஸ் புக் சொல்லும் கிலோமீட்டரும் மாதக் கணக்கும், எது முதலில் வருகிறதோ அதன்படி ஆயில் மாற்றுவது வீண் செலவு இல்லை. அதைக் கம்பெனியில்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. சரியான தர எண் கொண்ட ஆயிலும் அசல் ஃபில்டரும் இருந்தால், வேலை எங்கே நடந்தது என்று எஞ்சினுக்குத் தெரியாது.

பிரேக்கில் இன்னொரு விதமான வேறுபாடு. நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது முதலில் வேகத்தைக் குறைப்பது மோட்டார்தான். அது டைனமோவாக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. கடைசி சில அடிகளிலும் அவசரமாக அழுத்தும்போதும்தான் பிரேக் பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது. அதனால் மற்ற கார்களைவிட ஹைபிரிட்டில் பேட் நெடுநாள் தேயாமல் நீடிக்கும். ஆனால் அதிகம் உழைக்காத பிரேக்குக்கு வேறு நோய் வரும். காலிப்பர் நகர வேண்டிய பின்களில் கிரீஸ் காய்ந்து இறுகும், டிஸ்க்கில் துரு பிடிக்கும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது, பேட் தேயாவிட்டாலும் அது கெடும். ஆகவே இங்கே கேட்க வேண்டியது பேட் மாற்றம் இல்லை. சக்கரத்தைக் கழற்றி, பின்களைத் துடைத்து, கிரீஸ் வைத்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது போதும். இது ஹைபிரிட் தெரிந்த நல்ல மெக்கானிக் அரை நாளில் செய்துவிடும் வேலை.

எல்லோரையும் பயமுறுத்துவது பேட்டரி. மூன்றாம் தலைமுறை பிரியஸின் பேட்டரியைத் திறந்தால் உள்ளே 28 மாட்யூல்கள் புத்தகங்கள்போல ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ஒவ்வொன்றிலும் 6 செல்கள். மொத்தம் 168 செல்கள், 201.6 வோல்ட். இந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆயில் மாற்ற வேண்டியதில்லை, முனைகளைத் துடைக்கவும் நாம் கை வைக்கக் கூடாது. இதன் ஆயுளுக்குக் காவலாக இருப்பது கணினிதான். பேட்டரியை அது ஒருபோதும் முழுதாக நிரப்புவதில்லை, முழுதாக வற்றவிடுவதும் இல்லை. ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. செல்லை அழிப்பவை இந்த இரண்டு எல்லைகளும் வெப்பமும்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2011-இல் ஒரு சோதனை நடத்தியது. 2 லட்சம் மைலுக்கு மேல், அதாவது 3.3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய 2002 மாடல் பிரியஸை எடுத்து, பத்தாண்டுகளுக்கு முன் புதிதாகச் சோதித்த அதே வகைக் காரோடு ஒப்பிட்டது. அன்றும் இன்றும் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் அளவிலேயே மைலேஜ் நின்றது. ஒரே ஒரு கார்தானே என்று கேட்கலாம். அந்தக் கேள்வி சரிதான், ஒரு காரை வைத்து எல்லாக் கார்களுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் தயாரிப்பாளர்கள் தங்கள் பணத்தைப் பணயம் வைத்துக் கொடுக்கும் வாரண்டியும் அதே திசையைத்தான் காட்டுகிறது. இந்தியாவில் டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. பிரிட்டனில் ஆண்டுக்கு ஒருமுறை ‘ஹைபிரிட் ஹெல்த் செக்’ செய்துகொண்டால் டொயோட்டா பேட்டரிக்கு 15 ஆண்டு வரை உத்தரவாதத்தை நீட்டித்துத் தருகிறது. அந்தப் பெயரைக் கவனியுங்கள். பேட்டரிக்காக அவர்கள் கேட்பது ஒரு பரிசோதனைதான்.

அந்தப் பேட்டரிக்கு நம் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரே உபகாரம் காற்று. பிரியஸில் பின் இருக்கையின் ஓரத்தில் விரல் நுழையாத சிறு துளைகளோடு ஒரு ஜன்னல் இருக்கும். அதன் வழியே ஒரு மின்விசிறி, காருக்குள் இருக்கும் ஏசி காற்றை இழுத்துச் செல்களின் இடுக்குகளில் ஊதுகிறது. மற்ற மாடல்களில் இடம் மாறும், மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். அந்த ஜன்னலை மறைத்து ஒரு தலையணையோ பையோ வைத்தால் போதும், பேட்டரி மூச்சுத் திணறும். துணிப் பிசிறும் தலைமுடியும் புழுதியும் விசிறியின் இதழ்களில் கம்பளிபோலப் படியும். பல மாடல்களில் அதற்கு ஒரு வலை ஃபில்டர் உண்டு. அதை எடுத்து உதறித் துடைக்கப் பத்து நிமிடம் போதும். வேலூரிலும் திருத்தணியிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், வெயிலில் நின்ற காரைத் திறந்து ஏசியைப் போடாமலே ஓட்டுபவர், தம்மைப் போலவே பேட்டரியும் அதே வெந்த காற்றைத்தான் சுவாசிக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் ஊரில் ஹைபிரிட் பேட்டரிக்கு இதைவிடப் பயனுள்ள பராமரிப்பு வேறில்லை. இதற்குச் செலவும் இல்லை.

பிறகு ஏன் பில் பெரிதாகிறது? சர்வீஸ் புக்கில் அச்சாகியிருப்பவை ஒரு பக்கம், கவுன்டரில் சேர்க்கப்படுபவை இன்னொரு பக்கம். எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங், டெஃப்ளான் கோட்டிங், செராமிக் கோட்டிங், இன்ஜெக்டர் கிளீனர் என்று நீளும் இந்த இரண்டாவது பட்டியலில் பெரும்பாலானவற்றைக் காரைத் தயாரித்தவர் கேட்கவே இல்லை. ஜாப் கார்டில் சர்வீஸ் அட்வைசர் சரசரவென்று எழுதும்போது இவையெல்லாம் கட்டாயம்போலத் தோன்றும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, விற்பனை இலக்கு அவர் தலைமேல் இருக்கிறது. ஆனால் ‘இது சர்வீஸ் புக்கில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’ என்று பணிவாகக் கேட்க ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. அந்த ஒரு கேள்வியிலேயே பில் கணிசமாகக் குறையும். இலவச சர்வீஸ் என்பதிலும் பொதுவாகக் கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலும் ஃபில்டரும் நம் கணக்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தொடக்கத்திலிருந்தே பணம் எதற்காகப் போகிறது என்று தெளியும்.

இதற்கு நேர் எதிரான குறை ஒன்றும் சர்வீஸ் புக்கின் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2010 முதல் 2015 வரையிலான மாடல் பிரியஸில் ஹெட் கேஸ்கட் போவது அமெரிக்க மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிப்போன பழுது. புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பின் கூலரில் கரி படிந்து அடைத்துக்கொள்கிறது, இன்டேக் மேனிஃபோல்டின் துளைகளிலும் அப்படியே. கேஸ்கட் போவதற்கு இதை முக்கியக் காரணமாக ஹைபிரிட்டில் தேர்ந்த தனிக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். காலையில் எஞ்சின் எழும்போது வண்டி குலுங்கும், கூலன்ட் மெல்லக் குறையும், ஒருநாள் எஞ்சினையே கழற்ற நேரும். ஆனால் இ.ஜி.ஆர். கூலரைச் சுத்தம் செய் என்று அந்தக் காரின் சர்வீஸ் அட்டவணையில் ஒரு வரி இல்லை. ஒவ்வொரு சர்வீஸையும் தவறாமல் கம்பெனியில் செய்தவருக்கும் இது நேர்ந்திருக்கிறது. மோட்டார்களும் பற்சக்கரத் தொகுதியும் அடங்கிய டிரான்ஸாக்சில் பெட்டியின் ஆயிலும் இப்படித்தான். மோட்டார் சுருள்களைக் குளிர்விப்பதும் பற்சக்கரங்களுக்கு வழவழப்புத் தருவதும் அந்த ஒரே ஆயில். வழக்கமான ஓட்டத்துக்கு அதை மாற்றவே வேண்டியதில்லை என்ற தோரணையில் அட்டவணை இருக்கிறது. லட்சம் கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் பக்கமே நான் நிற்பேன், ஏனென்றால் செலவு சொற்பம், காப்பாற்றப்படும் பொருளோ காரிலேயே விலை மிகுந்தவற்றில் ஒன்று. சர்வீஸ் அட்டவணை வாரண்டிக் காலத்தைத் தாண்டிக் காரைக் கொண்டுபோவதற்குப் போதும் என்று கொள்ளலாம். இருபது ஆண்டு ஓட்ட நினைப்பவருக்கு அது போதாது.

சரி, வெளியே விட்டால் வாரண்டி போய்விடுமே என்ற அச்சத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1975-லேயே மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இந்த அச்சத்துக்கு விடை சொல்லிவிட்டது. குறிப்பிட்ட கடையில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு வாரண்டி தரக் கூடாது, அந்தச் சேவையை இலவசமாகத் தந்தாலொழிய. இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் தனிக் கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு, வெளியில் சர்வீஸ் செய்ததாலேயே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது என்றும் கூறியது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. கொள்கை இப்படி இருந்தாலும், பேட்டரி பழுதாகி நாம் போய் நிற்கும் நாளில் வாதாட வேண்டியவர்கள் நாம்தான். எந்த ஆயில், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு ரசீது காட்ட வேண்டும். பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் எட்டு ஆண்டுக் கம்பெனி சர்வீஸில், புக்கில் உள்ள வேலைகளை மட்டும் செய்வதற்கு ஆகும் கூடுதல் செலவு பெரியதில்லை. ஆகவே பேட்டரி வாரண்டி உயிரோடிருக்கும் வரை கம்பெனியிலேயே விடுவது என் கணக்கில் தகும். அந்தப் பணத்துக்கு நாம் வாங்குவது சண்டை போட அவசியமில்லாத ஆவணம், கம்பெனி ஸ்கேனர் எடுக்கும் பேட்டரி அறிக்கை, மென்பொருள் திருத்தங்கள். ரீகால் வேலைகள் இந்தக் கணக்கில் வராது. வண்டியை எங்கே சர்வீஸ் செய்திருந்தாலும் அவை இலவசம்.

வாரண்டி முடிந்த பிறகு எழும் ஆட்சேபம் திறமையைப் பற்றியது. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பிரியஸின் 201.6 வோல்ட் மின்னழுத்தம் இன்வெர்ட்டரில் 650 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது. ஆரஞ்சு நிற வயர்களைத் தொடும் முன் உயர் மின்னழுத்தக் கையுறை போட்டுக்கொண்டு சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் அடங்கப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது தெரியாதவரிடம் வண்டியை விடுவது அவர் உயிரோடு விளையாடுவது. இன்னும் நுட்பமான ஆபத்து ஏசியில் இருக்கிறது. ஹைபிரிட்டின் மின்சார கம்ப்ரெஸருக்குள் மோட்டார் சுருள் ஆயிலிலேயே நனைந்திருப்பதால், மின்சாரம் கடத்தாத எஸ்டர் வகை ஆயில்தான் போட வேண்டும். ஏசி மெக்கானிக் வழக்கமாக வைத்திருக்கும் பி.ஏ.ஜி. ஆயில் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு குறைந்து, கணினி மின்கசிவு என்று எச்சரிக்கும். சாதாரண கேஸ் டாப்-அப் ஒரு புது கம்ப்ரெஸரில் போய் முடியும். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு கூலன்ட் டப்பாக்கள் தெரியும். இரண்டாவதில் குழாய்த் தண்ணீரை ஊற்றும் கை ஆபத்தான கை.

ஆனால் இந்த அறிவு கம்பெனிக்கு வெளியே வளரவே முடியாது என்று யாராவது சொன்னால் இலங்கையைப் பார்க்கச் சொல்வேன். ஜப்பானிலிருந்து பழைய பிரியஸும் டொயோட்டாவின் சிறு ஹைபிரிட்டான அக்வாவும் அங்கே ஏராளமாக இறங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025-இல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் புது வண்டி வராத நாட்டில், அந்த ஹைபிரிட்களை ஓடவைத்ததில் தனி கராஜ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பேட்டரியில் பழுதான ஒரு மாட்யூலை மட்டும் மாற்றிக்கொடுக்கும் மலிவு வழியை எங்கும் நம்பக் கூடாது. பழையவற்றின் நடுவே புதிய ஒன்றைச் செருகினால் திறன் ஒத்துப்போகாமல் சில மாதங்களில் அடுத்தது விழும்.

ஆகவே எட்டு ஆண்டு வரை கம்பெனி, புக்கில் உள்ளது மட்டும். அதன்பின் ஹைபிரிட் தெரிந்த தனிக் கடை, அட்டவணை விட்டுப்போன இ.ஜி.ஆர். சுத்தமும் டிரான்ஸாக்சில் ஆயிலும் சேர்த்து. கடையைத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள் போதும்: உயர் மின்னழுத்தக் கையுறை இருக்கிறதா, ஏசிக்கு எந்த ஆயில் போடுவீர்கள்? ஒருநாள் காலையில் வண்டி உயிரே இல்லாமல் நின்றாலும் பதற வேண்டாம், முதலில் 12 வோல்ட் சிறு பேட்டரியைச் சோதியுங்கள். கணினியை எழுப்புவது அதுதான். அது எஞ்சினைச் சுழற்றுவதில்லை என்பதால் முன்கூட்டி இழுவைச் சத்தம் காட்டாமலே இறந்துவிடும். அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடும்போது ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு வரியை நீங்களே சொல்லி எழுதவையுங்கள்: ‘ஹைபிரிட் பேட்டரி விசிறி ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து காட்டவும்.’